இரண்டு நிமிடம் முப்பத்தைந்து நொடி

பாறசாலையில், சஜீந்திரன் கடையில்,
இரண்டு கேபினெட்டுகள் பக்கமூடி கழற்றி
மேசைமேல் நின்றன.
ஒன்றில் எட்டுக் கோர். மற்றதில் இருபது.
"சேச்சி, நான் பறஞ்சா விஸ்வசிக்கண்டா.
ஓட்டி நோக்கிக்கோ."

பென்டிரைவில் நான் கொண்டுபோனது
மேல்புறத்துக் கல்யாணம், நாற்பத்தொரு நிமிடம்:
இரண்டு கேமரா, ஒரு ட்ரோன்,
ட்ரோன் சத்தத்துக்கு அண்ணாந்து பார்த்து
ஜெபத்தில் ஒரு வரி விட்டுவிட்ட போதகர்.
தம்பி லிஜின் கொண்டுவந்தது
ஒரு பாலத்தைக் காக்க நூறு பேர் சாகிற விளையாட்டு.

பணம் என்னுடையது நாற்பத்தெட்டாயிரம்.
அவனுடையது பதினொன்று; அதிலும் இரண்டாயிரம்
அம்மா ரப்பர் ஷீட் விற்றது.
பகலில் மிஷின் எனக்கு,
ராத்திரி பத்துக்கு மேல் அவனுக்கு.

இருபது என்றால் இருபதும் ஒரே கை அல்ல.
எட்டுப் பேர் கொத்தனார், பன்னிரண்டு பேர் கையாள்.
கல்யாணத்தைத் துண்டு போட்டுப் பங்கு பிரித்து
ஏழு நிமிடம் ஐந்து நொடியில் கட்டி முடித்தார்கள்.
ஆனால் இரைச்சல்!
மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிறது போல.
வாட் மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது.

எட்டுக்காரன் வேறு ரகம்.
தலைமாட்டிலேயே அகலமாய் ஓர் அலமாரி,
சாமான் தேடி கோடவுனுக்கு எழுந்து போவதில்லை.
கல்யாணத்துக்கு எடுத்தது ஒன்பது நிமிடம் நாற்பது நொடி.
விளையாட்டில் மட்டும் நூற்று நாற்பத்தாறு ஃப்ரேம்.
இருபதுக்காரன் நூற்றிருபத்தொன்று.

எங்கள் வீட்டு மானிட்டர்
அறுபதுக்கு மேல் காட்டாது.
லிஜினுக்கு அது தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது தெரியாது.

வெளியே வந்து இரண்டு சாயா சொன்னோம்.
"எக்கா, ஒனக்கு வேலை சட்டுனு முடியணும்லா,
அந்த இருபதையே எடு.
நான் எதுலயும் வெளையாடிக்கிடுவேன்."
சொல்லிவிட்டுக் குனிந்து
ஆடையே இல்லாத சாயாவில்
ஆடை எடுத்துக்கொண்டிருந்தான்.

நான் கணக்குப் போட்டேன்.
ஒரு கல்யாணத்துக்கு மிச்சம்
இரண்டு நிமிடம் முப்பத்தைந்து நொடி.
ஆவணி முழுக்க ஓடினால் ஒரு மணி நேரம் சேரலாம்.
சேர்ந்து?
பெண்ணின் சித்தி போன் பண்ணி
"என்னைய ஏன் மூணு எடத்துல மட்டும் காட்டியிருக்கு"
என்று கேட்பாள். அதற்கே போய்விடும்.

இருபது பேரைக் குளிர்விக்கத் தண்ணீர் கூலர் வேறு,
ஆறாயிரத்து எண்ணூறு.
அந்த போர்டும் அவனோடு வம்சம் முடிகிறது.
எட்டின் போர்டில் மூன்று வருடம் கழித்து
சில்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாமாம்;
விற்பவன் வாக்கு, பாதி எடுத்துக்கொண்டேன்.
எங்கள் மாடி அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை.
மே மாதத்தில் அங்கே இன்னோர் அடுப்பு வேண்டாம்.
கரண்ட் பில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால்
ஏச்சு வாங்குவது லிஜின் அல்ல.

"எட்டையே எடுங்க" என்றேன்.

சஜீந்திரன் என்னைப் பார்த்தான்,
பிறகு தம்பியை.
"நீ பாக்யம் செய்தவனாடா."

இஞ்சிவிளை தாண்டும்வரை
பைக்கில் அவன் வாய் திறக்கவில்லை.
முதுகுக்கும் எனக்கும் நடுவில் பெட்டி.
களியக்காவிளை வந்ததும் ஓரங்கட்டி
நாலு பழம்பொரி வாங்கினான், சொந்தக் காசில்.
"ஒன்ன மறக்க மாட்டேன்க்கா, கேட்டியா."
கண் கொஞ்சம் கலங்கியிருந்தது;
லாரிப் புகையாகவும் இருக்கலாம்.

கூரையைப் பற்றியோ கூலரைப் பற்றியோ
நான் மூச்சு விடவில்லை.
நாலில் மூன்றை நான் தின்றேன்.